பலகை நடை

பிடரியில் பிடித்த வலி இடது தோள்பட்டையைச் சுற்றிக்கொண்டு முழங்கை வரைக்கும் இறங்கியிருந்தது. பாயை விட்டு எழும்போதே கர்ணனுக்குக் கழுத்து இடப்பக்கம் திரும்பவில்லை. வலப்பக்கம் பாதி திரும்பியது. அதற்காக யாரும் லாரியை நிறுத்திவைக்கப் போவதில்லை. சின்னமனூர் வாழைக்காய் மண்டியில் அன்றைக்குக் கோட்டயம் போகிற வண்டி நின்றது. டிரைவர் மலையாளத்துக்காரர். பீடியைக் காதில் செருகிக்கொண்டு ‘வேகம், வேகம்’ என்று கத்திக்கொண்டே இருப்பார். சுமைக்காரர்கள் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. தரையில் கிடக்கிற வாழைத்தாரைத் தூக்கித் தோளில் வைத்து, சாய்த்துப் போட்ட பலகையில் ஏறி, வண்டிக்குள் நிற்கிறவன் கையில் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். பலகைக்கென்று ஒரு நடை இருக்கிறது. அதைவிட வேகமாக ஏறினால் பலகை துள்ளி ஆளைத் தள்ளும். அதைவிட மெதுவாக ஏறினால் கனம் முழங்காலைத் தின்னும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கர்ணன் அந்த நடையில்தான் ஏறி இறங்குகிறான். அவன் சட்டைகளில் தோள் பக்கம் மட்டும் வாழைக்கறை ஏறி, தார் ரோட்டு நிறத்தில் விறைத்துப்போயிருக்கும்.

உச்சி வெயிலில் வண்டி கிளம்பியதும் மற்றவர்கள் சோற்றுத்தூக்கைத் திறந்தார்கள். சாயங்காலங்களில் கல்யாண பேண்டு செட்டில் ஊதுகிற கர்ணன் நாலு வாய் அள்ளிப் போட்டுவிட்டு, டிரம்பெட் பெட்டியை எடுத்துக்கொண்டு மண்டிக்குப் பின்னால் போனான். காய்ந்த சருகும் வெட்டிப்போட்ட தண்டும் குவிந்து கிடக்கிற இடம் அது. அங்கே நிற்கிற வேப்பமரத்தின் அடியில் போன வருசம் வரைக்கும் கூடச் சுமை தூக்கின முத்துவீரன் ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு பழைய டிரம்பெட், பேண்டு செட்டில் கழித்துப்போட்டது. அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பித்தளை வெளுத்துவிட்டது. முத்துவீரனின் வலது கை நெஞ்சுக்கு மேலே ஏறாது. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, கருவியின் பாரத்தை இடது கையில் வாங்கிக்கொண்டு, வலது கை விரல்களால் வால்வுகளை எட்டி அழுத்துவான். மூச்சுக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. இருபது வயசிலிருந்து சுமை தூக்கின நெஞ்சு அது. அவன் ஊதினால் மண்டிக் கணக்குப்பிள்ளை மாடியிலிருந்து சன்னலைச் சாத்துவார்.

தினமும் இருவரும் எதிரெதிரே உட்காருவது வழக்கம். அன்றைக்குக் கழுத்துக்குச் சாய்மானம் வேண்டியிருந்ததால் கர்ணன் மரத்தின் மறுபக்கத்தில் சாய்ந்து, முத்துவீரனுக்கு முதுகு காட்டியபடி உட்கார்ந்தான். ஒரு பாட்டின் முதல் வரியை ஊதினான். சின்ன வரிதான், போன மாதம் முழுக்க வாசித்த வரி. முத்துவீரன் திருப்பி ஊதினான். முதல் மூன்று சத்தம் சரியாக வந்தது. அப்புறம் கருவி எங்கெங்கோ போனது. கர்ணன் மறுபடி ஊதினான். மறுபடியும் அதே கதை. மூன்றாவது முறையும் கெட்டபோது, கர்ணன் கழுத்தோடு சேர்த்து உடம்பையே திருப்பி அவனைப் பார்த்தான்.

“ஏலே, என்னடா ஆச்சு இன்னைக்கு? நேத்து வரைக்கும் நல்லா வந்துச்சு.”

“நீ அங்கிட்டுத் திரும்பி உக்காந்துக்கிட்ட மச்சான். வெரலு தெரியல.”

முத்துவீரன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். கர்ணனுக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை மாதமும் இவன் காதால் ஒன்றையும் வாங்கவில்லை. கர்ணனின் விரல் எந்த வால்வை அழுத்துகிறது என்று பார்த்துப் பார்த்து, அதையே தன் விரலில் செய்திருக்கிறான். கண்ணுக்கு முன்னால் விரல் இருக்கிற வரைக்கும் பாட்டு வரும். விரல் போனால் பாட்டும் போய்விடும். பேண்டு செட்டில் தெருவில் வரிசையாக நடந்துகொண்டே வாசிக்கும்போது யார் விரலை யார் பார்ப்பது?

அவர்கள் செட்டில் எழுதிவைத்து வாசிக்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. கல்யாண வீட்டார் ஊர்வலம் கிளம்புகிற நேரத்துக்கு ஒரு புதுப் பாட்டைச் சொல்வார்கள். மாஸ்டர் சுருளியாண்டி அதைப் போனில் ஒருதரம் போடுவார். வேனுக்குப் பக்கத்தில் வட்டமாக நின்று கேட்டுக்கொண்டு, அடுத்த தெருமுனையில் வாசித்தாக வேண்டும். காதில் விழுந்தது அப்படியே உள்ளே நிற்க வேண்டும். நிற்காதவனுக்கு அங்கே வேலையில்லை. முத்துவீரனைப் பற்றி மாஸ்டரிடம் கர்ணன் பேசியபோது அவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். வைகாசி முகூர்த்தத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு வரட்டும், பாட்டின் எடுப்பை, முதல் வரிகளை, அவனே தனியாக வாசிக்கட்டும். நின்றால் செட்டில் இருக்கலாம். நிற்காவிட்டால் அவருக்கும் அவனுக்கும் வீணான பொழப்பு வேண்டாம். முத்துவீரனின் மச்சினன் திருப்பூரில் ஒரு மில்லுக்கு வாட்ச்மேன் வேலை பேசி வைத்திருந்தான். அவர்களும் வைகாசியோடு பதில் கேட்டிருந்தார்கள். முத்துவீரனுக்கு ஊரை விட்டுப் போக மனசில்லை. கர்ணனுக்கு அவனை அனுப்ப மனசில்லை. திருப்பூர் மில் கேட்டில் ஒரு ஸ்டூல் போட்டு அவன் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்தால், கர்ணனுக்குத் தின்கிற சோறு இறங்காது.

காரணம் மண்டியில் எல்லோருக்கும் தெரியும். முந்தின வருசத்து ஐப்பசி மழையில் நடந்தது. அப்போதெல்லாம் கர்ணன் சுமை ஏற்றும்போதே ஒரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, சாயங்காலம் வாசிக்க வேண்டிய பாட்டைக் கேட்டுக் கேட்டு உருப்போடுவான். அன்றைக்கும் அப்படித்தான் தாரோடு பலகையில் ஏறிக்கொண்டிருந்தான். மழைத்தண்ணீரில் பலகையின் மேல்நுனி வண்டித்தட்டிலிருந்து வழுக்கியது. அடுத்து ஏற வந்த முத்துவீரன் அதைப் பார்த்துக் கத்தினான். மண்டிக்கு வெளியே டீக்கடையில் இருந்தவர்களுக்குக்கூட அந்தச் சத்தம் கேட்டது. கர்ணனுக்குக் கேட்கவில்லை. அவன் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முத்துவீரன் தன் தாரைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய், சரிகிற பலகைக்கு அடியில் தோளைக் கொடுத்தான். கர்ணன், அவன் தோளில் இருந்த தார், பலகை, மூன்றின் கனமும் அந்த வலது தோளில் இறங்கியது. கர்ணன் வண்டிக்குள் தாவிவிட்டான். அவனுக்கு முழங்காலில் ஒரு சிராய்ப்பு. முத்துவீரனுக்குத் தோள் எலும்பு முறிந்து பிற்பாடு கூடிவிட்டது, சுமை தூக்குகிற பிழைப்பு போய்விட்டது. அன்றைக்குக் கழற்றின இயர்போனைக் கர்ணன் அதற்கப்புறம் தொடவில்லை. பாட்டை வேலைக்கு முன்னால் ஒருதரம் கேட்பான். சுமை ஏற்றி முடிகிற வரைக்கும் வாயிலும் எடுக்க மாட்டான், சீட்டியும் அடிக்க மாட்டான், மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு நடப்பான். கடைசித் தார் ஏறினதும் கருவியை எடுத்து ஊதிப் பார்ப்பான். பழகப் பழகப் பாட்டு முன்னைவிட நன்றாக நின்றது.

அதையே முத்துவீரனுக்கும் பழக்கிவிடலாம் என்றுதான் அவன் நினைத்தான். விரல் விசயம் தெரிந்த நாளிலிருந்து இருவரும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தார்கள். கர்ணன் கருவியைக் கீழே வைத்துவிட்டு வாயாலேயே பாடினான். உடனே திருப்பி ஊதாதே, கொஞ்சம் சும்மா இரு, உள்ளேயே ஒருதரம் ஓட விடு, அப்புறம் ஊது என்றான். முத்துவீரன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வேர்த்து வழிந்தான். இரண்டு துண்டு வரைக்கும் பிடித்துவிடுவான். மூன்றாவதைக் கொடுத்தால் முதலாவது காணாமல் போய்விடும்.

“மூணாவத ஏத்துனா மொதலாவது கீழ விழுந்துருது மச்சான்,” என்றான். “எனக்கு உள்ள எடமில்ல போல.”

சோற்றுத்தூக்கைக் கழுவ வந்த வேல்பாண்டி இதைக் கேட்டுவிட்டான். மண்டியில் வாய்த்துடுக்கு அதிகம் உள்ளவன். “எடமெல்லாம் இருக்கு. பூரா சோத்தப் போட்டு அடைச்சு வச்சிருக்கான்,” என்றுவிட்டுப் போனான். முத்துவீரனும் சேர்ந்து சிரித்தான். சிரித்து முடித்ததும் டிரம்பெட்டின் வாய்ப்பகுதியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அவன் மனைவி அனுசுயா சிரிக்கவில்லை. அவள் திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போகிறவள். பந்தலுக்கு அடியில் அண்ணாந்து நின்று, கையைத் தலைக்கு மேலே தூக்கியபடியே கொத்துக் கொத்தாக மருந்துத்தண்ணீரில் முக்கிவிடுகிற வேலை. முத்துவீரன் வேலைக்குப் போகாத நாளிலிருந்து குடும்பம் அவள் கையில்தான் ஓடுகிறது. ஒரு சாயங்காலம் கர்ணன் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, அவள் சுவரில் தோளைச் சாய்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாங்கண்ணே என்றாள், உட்காரச் சொன்னாள், டீ போட்டுக் கொடுத்தாள். அப்புறம் முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

“பாட்டுக் கேட்டுக்கிட்டுப் போனவுகளுக்கு ஒண்ணுமில்ல. பாத்துக்கிட்டு வந்த மனுசனுக்குக் கை போச்சு. இப்ப அவரையும் பாட்டுக் கேக்கச் சொல்றீக. இது நெசமா அவருக்கு வருமாண்ணே, இல்ல உங்க மனசு ஆறணும்னு உக்கார வச்சிருக்கீகளா?”

கர்ணன் டீயைக் கீழே வைத்தான். வரும் ஆத்தா என்று சொன்னான். அது பொய்யா நிசமா என்று அவனுக்கே அப்போது தெரியாது.

தெரிந்தது ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கு வண்டி தாமதமாக வந்ததால் மத்தியானத்திலும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முத்துவீரன் பலகைக்குப் பக்கத்தில், லாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கவிழ்த்த கூடையின் மேல் உட்கார்ந்து கர்ணனுக்காகக் காத்திருந்தான். கர்ணன் தாரைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்ததும், முத்துவீரன் திரும்பிப் பார்க்காமலே, “வேல்பாண்டிக்கு இன்னைக்கு இடது காலு சரியில்ல, ஆணி குத்திருக்கா?” என்று கேட்டான். வேல்பாண்டி பலகையில் பாதி ஏறியிருந்தான். செருப்பைக் கழற்றிப் பார்த்தால் குதிகாலில் முள். கர்ணன் வேண்டுமென்றே அடுத்த நடையில் பெரிய தாராகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு ஏறினான். முத்துவீரன் திரும்பாமலே சொன்னான், “என்னா மச்சான், பெரிய தாரா? ரெண்டு சீப்பு அதிகம் இருக்கும் போல.” அது நிசமாகவே பெரிய தார்.

கர்ணன் அங்கேயே நின்றுவிட்டான். மேலே இருந்து டிரைவர் வேகம் என்று கத்தினார். இவனுக்கா காது இல்லை? வருசக்கணக்காகப் பலகையில் முன்னால் போகிறவனின் காலைக் கேட்டுக் கேட்டுத்தானே பின்னால் ஏறியிருக்கிறான். முன்னவன் கால் விழுகிற நேரத்தில் பின்னவன் காலும் விழ வேண்டும். இல்லாவிட்டால் பலகை இரண்டு பேரையும் தள்ளும். அந்தக் காது அவனிடம் இன்னும் இருக்கிறது. பாட்டைப் போட வேண்டிய இடம் அதுதான்.

மறுநாளிலிருந்து முறையை மாற்றினார்கள். வேலை தொடங்குமுன் கர்ணன் ஒரு பாட்டின் வரியைப் பாடிக் காட்டுவான். ஊதக் கூடாது, முனகக் கூடாது. முத்துவீரன் கூடையில் உட்கார்ந்து கர்ணனின் காலைக் கேட்பான். ஒவ்வொரு அடிக்கும் பாட்டில் ஒரு துண்டு. பலகையின் அடிப்பக்கத்தில் தொடங்குகிற வரி, மேல்நுனியில் முடிய வேண்டும். இறங்கி வரும்போது மௌனம். அடுத்த தாருக்கு அடுத்த வரி. லாரி நிறைந்து கயிறு கட்டுகிற நேரத்தில் முத்துவீரன் டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு வேப்பமரத்துக்குப் போவான். முதல் நாள் இரண்டு வரி நின்றது. நாலைந்து நாள் கழித்துப் பல்லவி முழுக்க நின்றது. அந்த வாரக் கடைசியில் அவன் ஒரு பாட்டை ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் எதையும் கீழே போடாமல் ஊதினபோது, கர்ணன் முதுகைத் திருப்பிக்கொண்டு கேட்டான். முடிந்ததும் சருகில் இருந்து ஒரு நாரை உரித்து உரித்துக் கிழித்தான். மாடியில் கணக்குப்பிள்ளை சன்னலைச் சாத்தாமல் நின்றுகொண்டிருந்தார்.

கூடையில் உட்கார்ந்து கேட்டது போதாமல், முத்துவீரன் தலைத்துண்டைச் சும்மாடாகச் சுருட்டி இடது தோளில் வைத்துக்கொண்டு, சுமையில்லாமல் கர்ணனுக்குப் பின்னாலேயே பலகையில் ஏறவும் ஆரம்பித்தான். மற்றவர்கள் கேலி செய்தார்கள். காத்தை ஏத்துறான் பாரு, இந்தக் காத்து கோட்டயத்துல என்ன விலை போகும் என்றார்கள். அவனுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. புதுப் பாட்டு ஒன்று வந்தாலும் காலையில் ஒருதரம் கேட்டான், மத்தியானம் ஊதினான். கர்ணன் அனுசுயாவிடம் போய் இந்த முறை தைரியமாகச் சொன்னான். அவள் மாமியார் வீட்டுப் பெட்டியில் இருந்த பழைய பட்டுவேட்டியை எடுத்து வெளுக்கப் போட்டாள், கல்யாணத்துக்குப் போகிறவன் கட்டிக்கொள்ளட்டும் என்று. செட்டுக்கு யூனிபாரம் உண்டு என்று சொல்லக் கர்ணனுக்கு வாய் வரவில்லை.

ஒன்றை மட்டும் இரண்டு பேருமே கவனிக்கவில்லை. கர்ணன் கவனித்திருக்க வேண்டும். ஆனால் செட்டில் வாசிக்கும்போது அவனைத் தள்ளிக்கொண்டு போவது டிரம். வேப்பமரத்தடியில் டிரம் இல்லை. அங்கே இருந்தது பலகை மட்டும். இரண்டு பேர் உடம்பும் ஒரே பலகையில் ஊறியவை. அந்த நடையில் வருகிற பாட்டு அவர்களுக்குச் சரியாகவே கேட்டது.

கல்யாணம் குச்சனூர் போகிற ரோட்டில் இருக்கிற ஒரு மண்டபத்தில். பொழுது சாய்கிற நேரத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு. அலங்கரித்த காரில் மாப்பிள்ளை, முன்னால் ஆட்டம் போடத் தயாராக நிற்கிற மாப்பிள்ளைத் தோழர்கள், அவர்களுக்கு முன்னால் பேண்டு செட். முத்துவீரனுக்கு யூனிபாரம் கோட்டின் வலது கையை மாட்ட முடியவில்லை. கர்ணன் மாட்டிவிட்டான். வீட்டுக்காரர்கள் கேட்ட பாட்டை மாஸ்டர் போனில் போட்டார். அந்த மாதம் எல்லா மண்டபத்திலும் ஆடிக்கொண்டிருந்த குத்துப்பாட்டு. முத்துவீரன் கண்ணை மூடிக் கேட்டான். கேட்டு முடித்ததும், சும்மா ரோட்டோரத்தில் நாலடி முன்னும் பின்னும் நடந்துவிட்டு வந்தான். மாஸ்டர் கர்ணனைப் பார்த்தார். கர்ணன் தலையசைத்தான். ஆரம்பி என்று மாஸ்டர் கையைக் காட்டினார்.

முத்துவீரன் ஊதினான். பெரிய சத்தம், சுத்தமான சத்தம். முதல் வரியிலேயே தோழர்கள் கையைத் தூக்கிவிட்டார்கள். தூக்கின கையை எப்போது இறக்குவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பாட்டு வந்தது, ஆனால் ஒவ்வொரு அடியாக, கனத்தோடு, ஒரு காலை ஊன்றி மறு காலை எடுத்து வைத்து வந்தது. டிரம் அடிக்கிறவன் அவனை இழுத்துப் பார்த்தான், குச்சியை ஓங்கி வேகமாக அடித்துப் பார்த்தான். முத்துவீரன் கண்ணைத் திறக்கவில்லை. பலகையில் பாதி ஏறினவனை யார் அவசரப்படுத்த முடியும்? வேறு வழியில்லாமல் டிரம் அவனுக்கு இறங்கி வந்தது. மொத்த செட்டும் அவன் நடைக்கு வந்துவிட்டது. கர்ணன் தன் டிரம்பெட்டை உதட்டில் வைத்தபடி ஊதாமல் நின்றான். ஒரு சத்தம்கூட முத்துவீரன் விடவில்லை. ஒரு நெளிவு, ஒரு சுழிப்பு விடவில்லை. ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு சின்ன நிறுத்தம் வைத்தான். அது பாட்டில் இல்லாதது. அது எங்கிருந்து வந்தது என்று இரண்டாவது வரியில் கர்ணனுக்குப் புரிந்தது. மேல்நுனியில் தாரைத் தோளிலிருந்து இறக்கிக் கொடுக்குமுன், ஒரு நொடி நின்று கர்ணன் மூச்சு வாங்குகிற இடம்.

மாப்பிள்ளையின் பெரியப்பா முறையில் ஒருவர் செட்டுக்கு நடுவில் வந்து நின்றார்.

“ஏப்பா, மாப்பிள்ளைய அழைச்சிக்கிட்டுப் போறீகளா, தூக்கிக்கிட்டுப் போறீகளா?”

கூட்டம் சிரித்தது. முத்துவீரன் சிரிப்புச் சத்தத்துக்குத்தான் கண்ணைத் திறந்தான். ஊதுவதை நிறுத்தி எல்லோரையும் பார்த்தான். பாட்டைத் தப்பாக வாசித்துவிட்டோமா என்று கர்ணனை நோக்கினான். மாஸ்டர் அவனைப் பின்வரிசைக்குப் போகச் சொல்லிவிட்டுத் தானே கிளாரினெட்டில் எடுத்தார். ஊர்வலம் நல்லபடியாகப் போனது. மண்டபம் வரைக்கும் முத்துவீரன் கருவியை மார்போடு வைத்துக்கொண்டு, ஊதாமல், வரிசை தப்பாமல் நடந்து வந்தான்.

வேனில் ஏறுமுன் மாஸ்டர் கர்ணனைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “ஏலே கர்ணா, அவனுக்குப் பாட்டு காதுல நிக்கிது. நான் நினைக்கல. ஆனா கல்யாணத்துக்கு ஆகாது. எழவுக்குக் கூப்பிடுறேன், வரட்டும். தூக்கிட்டுப் போறவுகளுக்குத் தோதா இருக்கும்.” அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. சாவு வீட்டு ஊர்வலத்துக்கு ஆள் பார்க்கிறவராக, கணக்காகத்தான் சொன்னார். ஆனால் எழவு என்பது எப்போதோ வருவது. அதை நம்பி ஒரு குடும்பம் ஊரில் உட்கார முடியாது. கல்யாண செட்டில் இடம் கிடைத்தால்தான் முத்துவீரன் இங்கே இருக்க முடியும்.

அனுசுயாவிடம் சொல்லக் கர்ணனே போனான். அவள் மாடத்தில் விளக்கேற்றிவிட்டு வந்து கேட்டாள். தப்பா வாசிச்சாரா என்று மட்டும் கேட்டாள்.

“ஒரு எடம் தப்பில்ல ஆத்தா. நட மெதுவாப் போச்சு.”

“சுமையோட நடந்த மனுசரு மெதுவாத்தேன் நடப்பாக,” என்றாள். உள்ளே முத்துவீரன் டிரம்பெட்டைத் துணியில் சுற்றுகிற சத்தம் கேட்டது. “திருப்பூரு வேலைக்குத் தம்பிக்கிட்ட வைகாசி முடியட்டும்னு சொல்லி வச்சிருக்கேன். முடியறதுக்கு இன்னும் நாள் கெடக்கு. மெதுவா நடக்கத் தெரிஞ்சவருக்கு வெரசா நடக்கவும் சொல்லிக் குடுங்க. நீங்கதான கூட்டிட்டுப் போனீக.”

மறுநாள் வண்டி வந்தது. கர்ணன் இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். சுமையோடு ஏறுகிற நடை எழவு நடை என்றால், தாரைக் கொடுத்துவிட்டு வெறுந்தோளோடு இறங்குகிற நடை கல்யாண நடை. இறங்கும்போது பலகை தடதடவென்று துள்ளும். பாட்டை ஏறும்போது வைக்காதே, இறங்கும்போது வை என்று முத்துவீரனிடம் சொன்னான். முத்துவீரன் கூடையில் உட்கார்ந்து கேட்டான். காலை முழுக்கக் கேட்டான். மத்தியானம் மரத்தடியில் ஊதினபோது ஒன்றும் நிற்கவில்லை. முதல் நாள் போல எல்லாம் கொட்டிப்போயிருந்தது. அவன் கருவியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு குற்றம் செய்தவன் மாதிரிச் சொன்னான்.

“சும்மா வர்ற காலு எனக்குக் கேக்கவே மாட்டேங்குது மச்சான். கனம் இருந்தாத்தேன் கேக்குது.”

கர்ணன் எழுந்து போய்க் கொஞ்சம் தண்ணீர் குடித்தான். குடிக்க அண்ணாந்தபோது கழுத்து இன்னும் இடப்பக்கம் போகவில்லை என்பது ஞாபகம் வந்தது. சாயங்கால லோடு ஒன்று பாக்கி இருந்தது, கொச்சிக்குப் போகிற வண்டி. அவன் துண்டை இறுக்கிச் சும்மாடு சுற்றினான். குவியலில் இருந்து நடுத்தரமாக ஒரு தாரைப் பார்த்து எடுக்கப் போனவன், அதை விட்டுவிட்டுப் பெரியதாக ஒன்றை எடுத்தான். முத்துவீரனைப் பார்த்து, பாட்டை எடுத்துக்கோ என்றான்.

பலகையில் அவன் ஓடினான். நடக்கவில்லை, ஓடினான். தோளில் தார் குதித்தது. பலகை கீழே போய் மேலே வந்து அவனைத் தூக்கிப் போட்டது. அடுத்த அடியை அது மேலே வருமுன் வைத்தான். மேலே வண்டிக்குள் நின்ற வேல்பாண்டி, கிறுக்குப் பிடிச்சிருச்சா இவனுக்கு என்று தாரை வாங்கக் கையை நீட்டினான். மேல்நுனியில் நின்று மூச்சு வாங்கும் இடத்தில் கர்ணன் நிற்கவில்லை. மலையாளத்து டிரைவர் பீடியைக் கையில் வைத்துக்கொண்டு, வேகம் என்று சொல்ல மறந்து பார்த்தார். கர்ணன் இறங்கி வந்து அடுத்த தாரை எடுத்தான். மறுபடி ஓடினான். பிடரியில் இருந்த வலி இப்போது முதுகுத்தண்டு வழியாக இறங்கி இடுப்பில் உட்கார்ந்துகொண்டது. மூன்றாவது நடையில் இடது கால் பலகையின் ஓரத்தில் பட்டது. கீழே இருந்து யாரோ கத்தினார்கள். இந்த முறை அவனுக்குக் கேட்டது. காலை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு ஓடினான்.

கீழே வந்தபோது மூச்சு நெஞ்சுக்குள் நிற்கவில்லை. முத்துவீரன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். இடது கை தொடையில் தட்டிக்கொண்டிருந்தது, போன வாரத்தைவிட வேகமாக, ஆனால் இன்னும் அந்தப் பாட்டுக்கு வந்து சேராமல். வலது கை மடியில் அப்படியே கிடந்தது.

“காணாது மச்சான்,” என்றான் கண்ணைத் திறக்காமல். “கொஞ்சம் கூட்டு.”

கர்ணன் அடுத்த தாருக்குக் குனிந்தான். பலகை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. வைகாசி முடிய நாள் இருந்தது. முத்துவீரனுக்கு அவன் கொடுக்க வேண்டியது ஒரு வலது தோள். அது இன்னும் பாக்கி.